வாக்கரும் வேண்டாம், ஜிம்மும் வேண்டாம், முதல்ல தரையில விடுங்க

கேள்வி: மேடம், நாங்க சேலம் அம்மாபேட்டையில ரெண்டாவது மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்கோம். ரெண்டு ரூம், சின்ன ஹால், மேல மொட்டை மாடி. என் கணவர் தறி ஓட்டுறார். பையனுக்கு 3 வயசு 4 மாசம், ப்ரீகேஜி போறான். வீட்டுல இருந்தா எந்நேரமும் போன்தான், சோறு ஊட்டணும்னாலும் போன் வேணும். அடிக்கடி தடுக்கி விழறான். பென்சில் சரியா பிடிக்கறதில்ல, இங்கிலீஷ் ஏ போட வரலைன்னு மிஸ் டைரில எழுதி அனுப்பறாங்க. ஆனா ஏற்காட்டுல எங்க அம்மா வீட்டுக்கு போனா இருட்டுற வரைக்கும் மேடு பள்ளம் எல்லாம் ஓடிட்டே இருப்பான், போனை தேடவே மாட்டான். பொண்ணுக்கு 9 மாசம் முடிஞ்சுது. நல்லா உக்காருறா, ஆனா தவழ மாட்டேங்கிறா, உக்காந்த வாக்குலயே தேய்ச்சு தேய்ச்சு நகர்றா. பக்கத்து வீட்டு குழந்தை 7 மாசத்துலயே தவழ்ந்துச்சுன்னு எங்க அத்தை வாக்கர் வாங்கிட்டு வந்துட்டாங்க. டவுன்ல குழந்தைங்க ஜிம் ஒண்ணு இருக்குது, மாசம் 3,500 ரூபா சொல்றாங்க. கஷ்டப்பட்டாவது ரெண்டு பேரையும் சேக்கலாமா, இல்ல வீட்டுலயே ஏதாவது பண்ண முடியுமா?

பதில்: முதல்ல மனசை போட்டு குழப்பிக்காதீங்கம்மா. நீங்க எழுதுனதுல எனக்கு ரொம்ப உபயோகமா இருந்த வரி எதுன்னா ஏற்காடு பத்தி போற போக்குல எழுதியிருந்தீங்களே, அதுதான். இருட்டுற வரைக்கும் மேடு பள்ளத்துல ஓடுற பையனுக்கு கால்ல பெரிய கோளாறு இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. (ஒரு சின்ன டெஸ்ட் மட்டும் கடைசியில சொல்றேன், அதை பண்ணி பாத்துருங்க.) மலையில வாசப்படி தாண்டுனாலே ஏத்தம் இறக்கம்தான், மண்ணு, கல்லு, காப்பி செடி வேரு, ஈர புல்லு, ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் ஒவ்வொரு விதமா வளைஞ்சு குடுக்கணும், இடுப்பு சமாளிக்கணும், கண்ணு கீழ பாத்துட்டே போகணும். அம்மாபேட்டை மாடி போர்ஷன்ல வழவழன்னு டைல்ஸு, பத்தடி ஓடுனா சுவரு வந்துரும், அந்த பத்தடிக்கும் "டேய் கீழ் வீட்டுக்காரங்க திட்டுவாங்க"ன்னு நாம ஒரு சத்தம் போடுவோம். அப்புறம் அவன் போனைத்தான் தேடுவான், வேற எதை தேடுவான் சொல்லுங்க.

அதனால புதுசா வாங்கறதுக்கு முன்னாடி, குழந்தையை அசையவிடாம பிடிச்சு வைக்கற சாமான் வீட்டுல என்னென்ன இருக்குதுன்னு பாத்து அதை குறைச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. உங்க வீட்டுல அது ரெண்டு, பையனுக்கு போனு, பொண்ணுக்கு வாக்கரு.

பொண்ணுகிட்ட இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அங்கதான் அவசரம், வாக்கர் ஏற்கனவே வீட்டுக்குள்ள வந்துருச்சே.

9 மாசத்துல தவழலைன்னா லேட்டு இல்லைங்க. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு அஞ்சு நாட்டு ஆரோக்கியமான குழந்தைங்களை பாத்து 2006ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. அதுல பிடிமானம் இல்லாம உக்காருறது 3.8 மாசத்துல இருந்து 9.2 மாசத்துக்குள்ள, கையும் முட்டியும் ஊனி தவழறது 5.2 மாசத்துல இருந்து 13.5 மாசத்துக்குள்ள, யாரும் பிடிக்காம நடக்கறது 8.2 மாசத்துல இருந்து 17.6 மாசத்துக்குள்ள. எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்க. பக்கத்து வீட்டு குழந்தை 7 மாசத்துல தவழ்ந்ததும் நார்மல், உங்க பொண்ணு இன்னும் தவழாததும் நார்மல். இன்னொண்ணு, அந்த குழந்தைங்கள்ல நூத்துக்கு நாலு பேரு கை முட்டி போட்டு தவழவே இல்ல, நேரா எந்திரிச்சு நடந்துட்டாங்க. உக்காந்தே நகர்ற குழந்தைங்க நடக்க மட்டும் கொஞ்சம் தாமசமாகும், அது பல வீட்டுல பரம்பரையா வர்றது. உங்க வீட்டுக்காரர் சின்ன வயசுல எப்படி நகர்ந்தாருன்னு அத்தைகிட்டயே கேட்டு பாருங்களேன், "அட இவனும் இப்படித்தான் தேய்ச்சுட்டு போவான்"னு அவங்க வாயிலயே பதில் வந்தாலும் வரும், வாக்கர் பேச்சும் அதோட அடங்கிரும்.

இதெல்லாம் ஏதோ வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிச்ச சங்கதின்னு நெனைக்க வேண்டாம். பிள்ளைத்தமிழ் பாடுன நம்ம புலவருங்க 5வது மாசத்தை செங்கீரைன்னு வச்சாங்க, ரெண்டு கையையும் ஒரு முட்டியையும் தரையில ஊனி, இன்னொரு காலை தூக்கி, தலைய நிமித்தி ஆடற பருவம் அது. 9வது மாசம் சப்பாணி, உக்காந்து ரெண்டு கையையும் சேத்து தட்டுறது. அப்புறம் ஆம்பள பிள்ளைக்கு 21வது மாசம் சிறுதேர் உருட்டுறது, அதாவது தள்ளுற இழுக்கற பொம்மை. தரையில கிடக்கற குழந்தையை உக்காந்து பொறுமையா பாத்தவங்களுக்குத்தான் இந்த வரிசை தெரியும், இன்னைக்கு நாங்க கிளினிக்ல பாக்கறதும் கிட்டத்தட்ட இதேதான்.

சரி, தவழ வைக்கறதுக்கு என்ன பண்ணலாம். ஹால்ல டைல்ஸ் மேல பவானி ஜமக்காளம் ஒண்ணு விரிங்க. மெத்தை வேண்டாம், மெத்தையில கை புதையும், ஊனி எந்திரிக்க முடியாது. பொண்ணுக்கு லெக்கிங்ஸ், சாக்ஸ் எல்லாம் கழட்டிட்டு முட்டி தெரியற மாதிரி சின்ன ட்ரவுசர் போதும், துணி டைல்ஸ்ல வழுக்கறதாலயே பல குழந்தைங்க தவழ பயப்படும், முட்டி தோலு தரையில படணும். இப்ப அவளை உக்கார வச்சுட்டு, எவர்சில்வர் டம்ளர்ல ஒரு ஸ்பூனை போட்டு கலகலன்னு ஆட்டிட்டு, நேரா முன்னாடி வைக்காதீங்க, முன்னாடி வச்சா அப்படியே தேய்ச்சுட்டு வந்து எடுத்துருவா. அவ வலது இடுப்புக்கு பக்கத்துல, கொஞ்சம் பின்னாடி தள்ளி, எட்டியும் எட்டாம வைங்க. அவ உடம்பை திருப்புவா. வலது கை தரையில ஊனும், பாரம் பூரா வலது பக்கம் சாயும், இடது பக்க பின்புறம் லேசா தரைய விட்டு எழும்பும், இடது கால் மடங்கி சுத்திட்டு பின்னாடி வரப்பாக்கும். பாதியில நின்னு சிணுங்குவா. அப்ப பதறி தூக்கிராதீங்க. உங்க ரெண்டு கையையும் அவ இடுப்புல மெதுவா வச்சு அந்த சுத்தை முடிச்சு விடுங்க, அவ்வளவுதான், ரெண்டு கை ரெண்டு முட்டி தரையில வந்துரும். மூணு நாலு செகண்டு அப்படியே நின்னா போதும். அப்புறம் டம்ளரை எடுத்து வாயில வச்சுக்கட்டும், அது அவளுக்கு கூலி. அடுத்தது இடது பக்கம். ஒரு நாளைக்கு பல தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம், அழுதா நிறுத்திட்டு அப்புறம் பாத்துக்கலாம்.

இது பழகினதும் நீங்க காலை நீட்டி உக்காந்துக்கோங்க, உங்க தொடைக்கு இந்தப்பக்கம் பொண்ணு, அந்தப்பக்கம் அண்ணன். அண்ணன் குப்புற படுத்துட்டு "பாப்பா வா வா"ன்னு கூப்பிடட்டும். தொடை மேல ஏறி இறங்கறதுக்கு அவ கை கால் எல்லாத்தையும் உபயோகிச்சே ஆகணும். எந்த ஜிம்முலயும் இவ்வளவு நல்ல சாமான் கிடையாது, உங்க தொடையும் ஒரு அண்ணனும்!

தூளியில தூங்கறதை பத்தி நான் இங்க பேசல. முழிச்சிருக்கும்போதும் அழாம இருக்கட்டுமேன்னு தூளியிலயே ஆட்டிட்டு இருக்கறதும், நாள் பூரா இடுப்புல வச்சுட்டு வேலை பாக்கறதும்தான் வேண்டாங்கறேன். ஒரு வயசுக்கு கீழ உள்ள குழந்தையை ஒரே மூச்சுல 1 மணி நேரத்துக்கு மேல எதுலயும் கட்டிப்போட்ட மாதிரி வைக்கக்கூடாதுங்கறது உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்ன கணக்கு.

இப்ப வாக்கர். கனடாவுல 2004ல இருந்து இதை விக்கறதே சட்டப்படி குத்தம், பழசை கூட கைமாத்தி விக்கக்கூடாது. ஏன்னு கேட்டா, முதல் காரணம் படிக்கட்டு. சக்கரம் வச்ச வாக்கர்ல குழந்தை ஒரு செகண்டுல மூணு நாலு அடி போயிரும், நீங்க அடுப்பை விட்டு திரும்பறதுக்குள்ள வாசல் தாண்டிரும். நீங்க இருக்கறது ரெண்டாவது மாடி, வேற எதுவும் நான் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டாவது காரணம், வாக்கர்ல குழந்தை நடக்க பழகறதில்ல. துணி சீட்டு மேல பாரத்தை போட்டுட்டு கால் விரல் நுனியால உந்தி உந்தி போகும். நடக்கறதுக்கு வேண்டியது பாரத்தை கால்ல தாங்கறது, பேலன்ஸ் தவறுனா சமாளிக்கறது, தன் பாதம் எங்க இருக்குதுன்னு பாக்கறது. இந்த மூணையும் வாக்கர் செய்ய விடாது, கீழ குனிஞ்சு பாத்தா ட்ரேதான் தெரியும். சீக்கிரம் நடக்கட்டும்னு வாங்கறோம், அது தள்ளிப்போடத்தான் செய்யுது. அத்தை பாசத்துல வாங்குனது, அதை வச்சு சண்டை போட வேண்டாம், பில்லு இருந்தா கடையில குடுத்துட்டு பையனுக்கு மூணு சக்கர சைக்கிளா மாத்திக்க முடியுமான்னு கேளுங்க, அவனுக்கு பெடல் மிதிக்கற வயசு வந்துருச்சு.

அத்தைக்கு பேத்தியை நடக்க வைக்க ஆசையா இருந்தா, மரத்துல செஞ்ச நடைவண்டி இருக்குதே, அது தங்கமான சாமான். அதுல குழந்தை தன் காலாலயே நின்னு தன் பாரத்தை தானே தாங்கி தள்ளும். ஆனா இப்ப இல்ல, அவளா ஏதாவது பிடிச்சு எந்திரிச்சு நின்னு, கட்டில் விளிம்பை பிடிச்சுட்டு பக்கவாட்டுல நாலு எட்டு வைக்க ஆரம்பிச்ச பிறகு. டைல்ஸ்ல நடைவண்டி சறுக்கிட்டு ஓடிரும், அதனால மொட்டை மாடி சொரசொர தரையில, பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல நின்னு, வண்டி அடிக்கட்டையில ரெண்டு கிலோ மணல் மூட்டைய கட்டிவிட்டா மெதுவா போகும்.

இனி பையன். 3, 4 வயசு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 180 நிமிஷம் உடம்பு அசையணும், அதுல 60 நிமிஷமாவது மூச்சு வாங்கற மாதிரி ஓட்டம் குதியாட்டம் இருக்கணும். 3 மணி நேரமான்னு மலைக்காதீங்க, ஒரே மூச்சுல இல்ல, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அங்கங்க பத்து பத்து நிமிஷமா சேந்ததுதான். படி ஏறி இறங்கறது, கடைக்கு நடந்து வர்றது, துணி காயப்போட கூட வர்றது எல்லாம் கணக்குல சேத்தி.

உங்க வீட்டுல மத்தவங்களுக்கு கிடைக்காத ஒரு விளையாட்டு சாமான் ஓசியிலயே இருக்குது, நூல் தீந்த காலி கோன். வீட்டுக்காரர்கிட்ட பத்து பதினஞ்சு கோன் கொண்டு வர சொல்லுங்க, தொடைச்சு குடுங்க, கிழிஞ்சது நைஞ்சது வேண்டாம். ஹால்ல வரிசையா கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு வச்சு, பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகணும், ஒண்ணு மேலயும் கால் படக்கூடாது. அடுத்து அதையே படுக்க வச்சு ரெண்டு காலும் சேத்து தாண்டணும். அடுத்து கோபுரமா அடுக்கி பழைய துணிய சுருட்டி கட்டுன பந்தால அடிச்சு சாய்க்கணும், சாஞ்சதை அவனே குனிஞ்சு பொறுக்கி திரும்ப அடுக்கணும், இந்த குனிஞ்சு பொறுக்கறதுதான் எனக்கு முக்கியம், அடிக்கறது அவனுக்கு முக்கியம். இன்னொண்ணு, ஒரு கோனை முட்டிக்கு நடுவுல இடுக்கிட்டு கங்காரு மாதிரி தத்தி தத்தி போறது, பெரியவங்களே செஞ்சு பாருங்க, இடுப்பு கழண்டுரும். கோனு மட்டும்தான் வீட்டுக்கு வரணும், பையன் தறிகிட்ட போகக்கூடாது, குழித்தறியோ பவர்லூமோ எதுவானாலும்.

தறி சத்தம் கேக்கற வீடா இருந்தா அதுவும் ஒரு மேளம்தான். அந்த டக்கு டக்குக்கு ஏத்த மாதிரி குதிக்கட்டும், சத்தம் நின்னா சிலையா நிக்கணும். சட்டுனு நிக்கறதுக்கு ஓடறதை விட நிறைய பேலன்ஸ் வேணும், அடிக்கடி விழற குழந்தைக்கு நான் இதைத்தான் முதல்ல சொல்லுவேன்.

மொட்டை மாடியை விட்டுறாதீங்க. சித்திரை வைகாசியில நம்ம ஊர் வெயிலுக்கு தரை தோசைக்கல்லுதான், காலையில எட்டு மணிக்கு முன்னாடி இல்லைன்னா சாயங்காலம் தரை ஆறுன பிறகு. கைப்பிடி சுவர் அவன் எட்டி ஏற முடியாத உயரமா இருக்கணும், ஏறி நிக்கற மாதிரி பக்கத்துல தொட்டி, சேரு, செங்கல் எதுவும் இருக்கக்கூடாது, அவன் தனியா மேல போகவே கூடாது. அங்க சாக்பீஸ்ல வளைஞ்ச கோடு ஒண்ணு போட்டு அது மேல வெறுங்காலோட நடக்க விடுங்க. பாண்டி கட்டம் போட்டா ரெண்டு காலும் சேத்து குதிக்கட்டும், நொண்டி அடிக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும், இப்பவே எதிர்பாக்காதீங்க. இந்த வயசுல ஒத்தக்கால்ல ஒண்ணு ரெண்டு செகண்டு நின்னாலே போதும். பந்து போட்டா கையால பிடிக்க வராது, நெஞ்சோட சேத்து கட்டிப்பிடிப்பான், அதுவும் சரிதான். கீச் கீச்னு கத்துற ஷூ, மெத்து மெத்துனு தடிச்ச செருப்பு எல்லாம் வீட்டுல வேண்டாம். பாதம் தட்டையா இருக்குதேன்னு யாராவது ஸ்பெஷல் ஷூ வாங்க சொன்னா வாங்கிராதீங்க, இந்த வயசுல பெரும்பாலான குழந்தைங்களுக்கு பாதம் தட்டைதான், ஆறு வயசு வாக்குலதான் வளைவு நல்லா தெரிய வரும்.

மழைக்காலத்துல வீட்டுக்குள்ள யானை நடை, அதாவது கையும் காலும் ஊனி முட்டி தரையில படாம நடக்கறது, கட்டிலுக்கு அடியில ஊர்ந்து அந்தப்பக்கம் போறது, அப்பா வந்ததும் உப்பு மூட்டை. உப்பு மூட்டையில நீங்க பிடிக்காதீங்க, அவன்தான் கையால காலால இறுக்கி பிடிக்கணும். (நாள் பூரா தறியில உக்காந்துட்டு வர்றவருக்கு முதுகு வலி இருந்தா இதை விட்டுருங்க, பாவம்.)

பென்சில் விஷயத்துக்கு வர்றேன், இதுல எனக்கு கொஞ்சம் கோவமே வருது, உங்க மேல இல்ல. மணிக்கட்டுல மொத்தம் 8 சின்ன எலும்பு இருக்குது. 3 வயசு குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்து பாத்தா அதுல ரெண்டு மூணுதான் தெரியும், மத்ததெல்லாம் இன்னும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேல விழாது. கடைசி எலும்பு தெரிய வர ஒம்போது பத்து வயசாகும். அந்த கையில பென்சிலை குடுத்து நாலு கோட்டு நோட்டுல ஏ போடுன்னா எப்படி போடும்? 3 வயசுல குழந்தைக்கு வட்டம் வரும், 4 வயசுல கூட்டல் குறி வரும், சாய்வு கோடு சேந்த முக்கோணம் 5 வயசு கிட்டத்தான் வரும். ஏ-ல ரெண்டு கோடு சாய்வு கோடுதானே. மூணு விரல்ல பென்சில் பிடிக்கறதும் நாலுல இருந்து ஆறு வயசுக்குள்ள தானா அமையும். மிஸ்கிட்ட சண்டைக்கு போகாம "மேடம், இப்ப அவன் வட்டமும் நின்ன கோடும் படுத்த கோடும் போடட்டும், எழுத்து அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு தன்மையா சொல்லி பாருங்க.

அப்படின்னா கைக்கு வேலையே குடுக்க வேண்டாமான்னா, நிறைய குடுக்கணும், ஆனா விரல்ல ஆரம்பிக்கக்கூடாது, தோள்ல இருந்து ஆரம்பிக்கணும். உங்க வீட்டுக்காரருக்கு தெரியும், பாவு (நீள நூல்) இறுக்கமா நிக்கலைன்னா ஊடை (குறுக்கு நூல்) நேரா ஓடாது. தோளும் முதுகும் நிலையா நிக்கலைன்னா விரல் சொன்னபடி கேக்காது. மேல சொன்ன யானை நடை, ஊர்றது, உப்பு மூட்டை எல்லாம் அதுக்கும் சேத்துதான். அப்புறம் மொட்டை மாடி சுவத்துல பெயிண்ட் அடிக்கறது, பழைய பெயிண்ட் பிரஷ் ஒண்ணு, ஒரு சின்ன மக்குல தண்ணி, அவ்வளவுதான். நின்னுட்டு கைய தூக்கி மேல கீழ இழுக்கும்போது தோள், முழங்கை, மணிக்கட்டு மூணும் சேந்து வேலை செய்யும், அஞ்சு நிமிஷத்துல சுவரு காஞ்சுரும், திரும்ப அடிக்கலாம், உங்களுக்கும் துவைக்கற வேலை இல்ல. வீட்டுக்குள்ள சிலேட்டை மடியில வைக்காம சுவத்துல அவன் கண்ணு உயரத்துக்கு மாட்டி, நீட்டு சாக்பீஸை உடைச்சு துண்டு துண்டா குடுங்க. துண்டை அஞ்சு விரலால பிடிக்க முடியாது, தானா ரெண்டு மூணு விரல் நுனிக்கு வந்துரும்.

சமையல்கட்டுலயும் அவனுக்கு வேலை இருக்குது, சப்பாத்தி மாவு பிசையறது, பூண்டு உரிக்கறது, முருங்கை கீரை உருவறது, துணி காயப்போடும்போது கிளிப்பை அமுக்கி மாட்டறது, ஈர கர்சீப்பை பிழியறது. அத்தை காலையில கோலம் போடும்போது அவனையும் பக்கத்துல குத்தவச்சு உக்கார வச்சு புள்ளி வைக்க விட சொல்லுங்க. ரெண்டு விரலால மாவை கிள்ளி கொஞ்சம் கொஞ்சமா விடறது பென்சில் பிடிக்கற அதே விரல் வேலை, குத்தவச்சு உக்காருறது இடுப்புக்கும் கணுக்காலுக்கும். கோணையா வந்தா வரட்டும், அத்தை அழிச்சுட்டு திரும்ப போடாம இருக்கணும், அது கொஞ்சம் கஷ்டம்தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பல்லாங்குழிக்கு புளியங்கொட்டை, நிலக்கடலை, பட்டாணி, ஜவ்வரிசி இதையெல்லாம் வச்சு விளையாட விடலாம்னு யாராவது சொல்லுவாங்க, பையனுக்கு கூட பக்கத்துல நீங்க இருந்தா சரி, ஆனா வீட்டுல 9 மாச குழந்தை தரையில நகர்ந்துட்டு இருக்குது, ஒரு கொட்டை உருண்டு போனாலும் அது வாய்க்கோ மூக்குக்கோ போயிரும். அதனால இப்போதைக்கு அந்த வகையறா எதுவும் தரைக்கு வரவே வேண்டாம். கோலப்பொடியும் பாப்பா கைக்கு எட்டக்கூடாது. பாத்ரூம்ல தண்ணி நெறைஞ்ச பக்கெட்டை திறந்து வைக்காதீங்க.

போனை ஒரேயடியா பிடுங்குனா வீடு ரெண்டாகும், தெரியும். பையன் வயசுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், கம்மியா இருந்தா இன்னும் நல்லது, பாப்பாவுக்கு ரெண்டு வயசு வரைக்கும் சுத்தமா வேண்டாம். முதல்ல சாப்பாட்டு நேரத்துல இருந்து எடுங்க, அதுலயும் காலை சாப்பாடு, பசி நல்லா இருக்கற நேரம். இட்லிய அவன் தட்டுல போட்டு அவன் கையாலயே பிச்சு சாப்பிட விடுங்க, பாதி கீழ கொட்டும், பரவாயில்ல, அதுவும் விரலுக்கு வேலைதான். அது பழகுன பிறகு ராத்திரி சாப்பாடு. ராத்திரி போன் இல்லாம சீக்கிரம் தூங்குனா இன்னும் நல்லது, 10 மணி நேரத்துல இருந்து 13 மணி நேரம் வரைக்கும் தூக்கம் வேணும் அவனுக்கு, பகல் தூக்கமும் சேத்து.

ஜிம் கெடுதல்னு நான் சொல்லல. காசு தாராளமா இருக்கறவங்க சேக்கட்டும். ஆனா வாரத்துல ரெண்டு மூணு மணி நேரம் அங்க குதிச்சுட்டு மீதி நேரம் பூரா சோபாவுல போனோட உக்காந்தா அந்த 3,500 தண்டம். கஷ்டப்பட்டு கட்டாதீங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அண்ணா பூங்கா, எப்பவாவது குரும்பப்பட்டி பார்க், முடிஞ்ச மாசமெல்லாம் பஸ் ஏறி உங்க அம்மா வீடு. அந்த 20 கொண்டை ஊசி வளைவுல பையன் வாந்தி எடுக்காம இருந்தா அதை விட நல்ல செலவு எதுவும் இல்ல.

கடைசியா, எதெல்லாம் பாத்தா வீட்டு வைத்தியம் பண்ணாம டாக்டர்கிட்ட போகணும்னு சொல்லிடறேன். பையனை தரையில உக்கார வச்சு, எதையும் பிடிக்காம எந்திரிக்க சொல்லுங்க. கைய முட்டியில ஊனி, அப்புறம் தொடையில ஊனி, தன் உடம்பு மேலயே ஏறி எந்திரிக்கற மாதிரி எந்திரிச்சான்னா, இல்ல கெண்டைக்கால் சதை வழக்கத்துக்கு மீறி பெருத்து இருந்தா, படி ஏறவே திணறுனா, உடனே குழந்தை டாக்டரை பாத்து சிகே ரத்த டெஸ்ட் எடுக்கணுமான்னு கேளுங்க, தசை சம்பந்தப்பட்ட வியாதிக்கு அது முதல் படி. சும்மா துள்ளி எந்திரிச்சான்னா அந்த கவலைய விட்டுருங்க. விழறது சாயங்காலம் மங்கலான வெளிச்சத்துல ஜாஸ்தியா இருக்குதுன்னா, டிவிக்கு ரொம்ப கிட்ட போய் நின்னா, கண் டெஸ்ட் ஒண்ணு பண்ணிருங்க.

பொண்ணுக்கு, ரெண்டு கையும் ஒரே மாதிரி நீட்டுறாளான்னு பாருங்க. இந்த வயசுல இடது வலதுன்னு பேதம் இருக்கக்கூடாது, எப்பவும் ஒரு கைய மட்டும் நீட்டி இன்னொரு கைய முஷ்டி பிடிச்சே வச்சிருந்தாலோ, தேய்ச்சுட்டு போகும்போது ஒரு கால் மட்டும் வேலை செஞ்சாலோ, உடம்பு விறைப்பாவோ துவண்டோ இருந்தாலோ, முன்னாடி பண்ணிட்டு இருந்த ஒண்ணை இப்ப பண்றதை விட்டுட்டாலோ காத்திருக்காதீங்க. 18 மாசம் முடிஞ்சும் தனியா நடக்கலைன்னாலும் அப்படித்தான். பிரைவேட்டுக்கு போக வசதி இல்லைன்னா அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டு பக்கம் போய் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம் எங்கன்னு கேளுங்க, பிறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும் இலவசமா பாப்பாங்க, அங்கன்வாடி டீச்சர்கிட்ட சொன்னாலும் வழி சொல்லுவாங்க. போகும்போது வாயால சொல்றதை விட வீடியோ கொண்டு போங்க, பொண்ணு நகர்றதை பக்கவாட்டுல இருந்தும், பையன் தரையில இருந்து எந்திரிக்கறதை பின்னாடி இருந்தும் ஒவ்வொரு நிமிஷம் எடுத்து வச்சுக்கோங்க, ஆஸ்பத்திரியில போய் நின்னா ரெண்டு பேருமே அசைய மாட்டாங்க.